குலத்துழான் பெருமானம்பிப் பல்லவராயர்

பாண்டிநாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 14. வானம் பார்த்த நிலத்தே விளங்கும் திருச்சுழியல் அவற்றுள் ஒன்று. கடல் சூழ்ந்த இராமேச்சுரம் மற்றொன்று. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராமேச்சுரத்துத் திருக்கதவம் அடைபட்டது, பூசை முட்டிற்று, திருப்பண்டாரம் கவரப்பட்டது. அவ்விடர் தீர்க்கப் புறப்பட்ட சோழப் பெருந்தலைவரே குலத்துழான் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர்.

இவர் செயங்கொண்ட சோழ மண்டலத்துக் காரிகைக்குளத்தூரினர். சோழப் பெருவேந்தர் மறைந்தபோது அவர்தம் மக்கட்கு அகவை ஒன்றும் இரண்டுமே. பல்லவராயர் அக்குழந்தைகளை ஆயிரத்தளியினின்றும் இராசராசபுரத்திற்குக் கொணர்ந்து காத்தார். விக்கிரம சோழரின் பேரரான எதிரிலிப் பெருமாளுக்கு இரண்டாம் இராசாதிராசர் என முடிசூட்டுவித்தார்.

அந்நாளில் மதுரை அரியணைக்குப் பராக்கிரம பாண்டியரும் குலசேகர பாண்டியரும் போட்டியிட்டனர். முன்னவர் ஈழ வேந்தர் பராக்கிரமபாகுவின் துணையை நாடினார். ஈழக் கலப்படை கடல் கடப்பதற்குள் அவர் கொல்லப்பட்டார். எனினும் அப்படை திரும்பவில்லை. தலைவன் இலங்காபுரத் தண்டநாயகன் இராமேச்சுரத்தைக் கைப்பற்றி, கொலையுண்டாரின் மைந்தர் வீரபாண்டியர் பொருட்டு உள்நாடு புகுந்தான். பின்னர்ச் சகத்விசயன் என்னும் தலைவனும் துணைப்படையுடன் வந்தான். தொண்டி, பாசி, பொன்னமராவதி, மணமேற்குடி ஆகிய ஊர்களில் பெரும்போர் மூண்டது. காஞ்சியை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டின்படி, இவ்விடர் நீங்க உமாபதிதேவர் என்னும் சைவச் சான்றோர் 28 நாள் சிவபூசை இயற்றினார். அவ்வூரே அவருக்குக் காணிக்கையாயிற்று.

குலசேகரர் சோழரிடம் அடைக்கலம் புகவே, பல்லவராயர் பெரும்படை நடத்தி ஈழத் தலைவர்களை வென்றார். அவர்தம் தலைகளை மதுரை வாயிலில் அறைவித்தார் என்று பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுச் சாற்றுகின்றது. ஈழத்து நூலாகிய சூளவம்சமோ வெற்றி தம் படைக்கே என்னும். ஆயினும் மதுரை குலசேகரருக்கு மீண்டமை உறுதி. வென்ற நாட்டைத் தமதாக்காது உரியவர்க்கே அளித்ததே இவர் பெருமை. பின்னர் நோயுற்று மறைந்தார். இராசாதிராசர் தம் 8ஆம் ஆட்சியாண்டில் இவர்தம் சுற்றத்தார்க்கு இறையிலி நிலம் வழங்கினார்.

அவருக்குப்பின் குலசேகரர் நன்றி மறந்து ஈழத்தோடு உறவு பூண்டார். ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய துறைகளில் ஈழ வேந்தர் மீண்டும் படகுகள் கட்டுவித்தார். பழையனூர் அண்ணன் பல்லவராயர், பராக்கிரமபாகுவின் மருகர் சீவல்லபரைப் படையுடன் அனுப்பி, அக்கலங்கள் புறப்படுமுன்னரே அத்துறைகளை அழிப்பித்தார். இராசாதிராசரின் 12ஆம் ஆண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு இதனைக் கூறும்.

படைகள் அழிந்தன, அரியணைகள் மாறின. இராமேச்சுரத்தும் திருச்சுழியலிலும் வழிபாடு இன்றும் ஓங்குகின்றது. அடைபட்ட திருக்கதவம் மீளத் திறக்க உழைத்தாரின் பெயரைக் கோயிற் கல்லே காத்து நிற்கின்றது. திருப்பணிக்கு வழங்குவார்தம் பெயரும் அவ்வாறே நிலைபெறும்.