8 வருஷம் பிசிசிஐ தலைவர்... ஆனா ஒரு டெஸ்ட் தொடர் கூட சொந்த மண்ணில் இல்லை! யார் இந்த திருச்செங்கோடு சுப்பராயன்?

பிசிசிஐ தலைவர் பதவியில் இருந்த தமிழ்நாட்டுக்காரங்க யாருன்னு கேட்டா, பலர் என்.சீனிவாசன் பெயரைச் சொல்வாங்க. கொஞ்சம் பழைய ரசிகர்கள் ஏ.சி.முத்தையா, எம்.ஏ.சிதம்பரம் பெயர்களையும் சேர்ப்பாங்க. ஆனா இவங்க எல்லாருக்கும் முன்னாடியே அந்த நாற்காலியில் ஒருவர் 8 ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறார். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிற குமாரமங்கலத்துக்காரர்.

பெயர், டாக்டர் ப.சுப்பராயன். சென்னை மாகாணத்தின் முதலமைச்சர், மத்திய அமைச்சர், தூதர், ஆளுநர் என்று அரசியலில் பார்க்காத பதவி குறைவு. அவரது கிரிக்கெட் பக்கம் மட்டும் அதிகம் பேசப்படவில்லை. விளையாட்டில் ஜெயிப்பது பெரிதா, எல்லாரும் ஒரே மைதானத்தில் சேர்ந்து ஆடுவது பெரிதா என்ற கேள்வி இந்திய கிரிக்கெட்டை உலுக்கிய காலத்தில் அவர் தலைவராக இருந்தார். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

யார் இந்த சுப்பராயன்?

1889-ல் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். இன்றைக்கு அந்த ஊர் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது அது பழைய சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். ரிக் வண்டிகளுக்குப் பேர்போன இன்றைய திருச்செங்கோட்டை அன்று யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. மானாவாரி நிலமும் கைத்தறியும்தான் அன்றைய அடையாளம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 1912-ல் மங்களூரைச் சேர்ந்த ராதாபாயைத் திருமணம் செய்தார். சாதி, மொழி இரண்டையும் தாண்டிய கல்யாணம். ஒரு ஜமீன் வீட்டில், அதுவும் 1912-ல், இது சாதாரண விஷயம் இல்லை. ராதாபாயின் அப்பா குத்முல் ரங்கராவ், மங்களூர் பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். ராதாபாய் பின்னாளில் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனார். 1938-ல், அன்றைய நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வான முதல் பெண் என்ற பெயரையும் பெற்றார்.

37 வயசில் முதலமைச்சர்

1926 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஆனார் சுப்பராயன். எந்தக் கட்சியையும் சாராத சுயேச்சையாக ஆட்சி அமைத்தார். 1930 வரை பதவியில் இருந்தார். வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை இந்த ஆட்சியில்தான், அமைச்சர் முத்தையா முதலியார் முயற்சியால் 1928-ல் நடைமுறைக்கு வந்தது.

1932 நவம்பரில் சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. அதைச் சட்டமாக்க அவர் தயாரித்த மசோதாவுக்கு 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி தரவில்லை. காந்தி உட்பட நாடே கவனித்த மசோதா அது.

பிறகு காங்கிரஸுக்கு வந்தார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் கையில். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, தமிழ்நாட்டில் பெரும் போராட்டத்தைச் சந்தித்த அரசும் அதுதான். கல்வி அமைச்சர் என்ற முறையில் அந்த விமர்சனத்தில் அவருக்கும் பங்கு உண்டு. 1950-களில் ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தபோது, இந்தியை அவசரமாகக் கொண்டுவரும் பரிந்துரைகளை ஏற்காமல் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதியவரும் இவரே.

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம்

அன்றைய சென்னை கிரிக்கெட் எப்படி இருந்தது? சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு கிளப். இந்தியர்கள் அங்கே உறுப்பினராக முடியாது. இதற்குப் பதிலடியாகத்தான் புச்சி பாபு நாயுடு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அதற்குப் பிறகு பொங்கல் சமயத்தில் ஐரோப்பியர்கள் ஒரு பக்கம், இந்தியர்கள் ஒரு பக்கம் என்று பிரசிடென்ஸி மேட்ச் நடக்க ஆரம்பித்தது. கூட்டம் அலைமோதும். ஆனா ஒன்றாக ஆடினாலும், எதிரெதிர் அணியில்தான்.

இதை மாற்றியது ரஞ்சி கோப்பை. 1934 நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் மதராஸும் மைசூரும் மோதின. ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் மதராஸின் எம்.ஜே.கோபாலன். ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது! அந்த மதராஸ் அணியில் ஆங்கிலேயரும் இந்தியரும் ஒரே பக்கம் நின்று ஆடினார்கள். ஊரின் பெயரால் அணி, நிறத்தின் பெயரால் இல்லை.

இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1938-ல் சுப்பராயன் பிசிசிஐ தலைவர் ஆனார். வாரியம் தொடங்கி அப்போது 10 வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் அந்தப் பதவியில் இருந்த 4 பேரில் ஒருவர்கூடத் தென்னிந்தியர் இல்லை.

டெஸ்ட்டே இல்லாத தலைவர்

அவர் பதவிக்கு வந்த அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. 1936 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆடிய இந்தியா, அடுத்த அதிகாரப்பூர்வ டெஸ்ட்டை ஆடியது 1946 ஜூனில், லார்ட்ஸில். கிட்டத்தட்ட 10 வருஷ இடைவெளி. சுப்பராயனின் பதவிக்காலம் முழுக்க இந்திய மண்ணில் ஒரு அதிகாரப்பூர்வ டெஸ்ட் கூட நடக்கவில்லை.

இன்றைக்கு ஒரு வாரியத் தலைவருக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும்? ஒளிபரப்பு உரிமை, ஸ்பான்சர் எல்லாம் போச்சு என்று பதறுவார்கள் இல்லையா? ஆனா அந்த வருஷங்களில் இந்திய கிரிக்கெட் செத்துவிடவில்லை. போர் நடந்தபோதும் ரஞ்சி கோப்பை நிற்கவில்லை. 1940-41-ல் மதராஸ் இறுதிப் போட்டி வரை வந்து மகாராஷ்டிராவிடம் தோற்றது. விஜய் மெர்ச்சன்ட், விஜய் ஹசாரே போன்றவர்கள் மலைபோல ரன் குவித்தது இந்த உள்ளூர் ஆட்டங்களில்தான். சர்வதேசப் பெருமை எதுவும் கிடைக்காத நேரத்திலும் ஆடினார்கள், பார்க்கவும் ஆட்கள் வந்தார்கள்.

1945 கடைசியில் ஆஸ்திரேலிய ராணுவ வீரர்களின் அணி இந்தியா வந்தது. போர் முடிந்த கையோடு வந்த அணி. பம்பாய், கல்கத்தாவில் டிரா. சேப்பாக்கத்தில் இந்தியா ஜெயித்தது. ரூசி மோடி இரட்டைச் சதம் அடித்தார். அதிகாரப்பூர்வ டெஸ்ட் என்று கணக்கில் வராத வெற்றி. ஆனா நீண்ட இடைவெளிக்குப் பிறகு வெளிநாட்டு அணியைப் பார்த்த சென்னை ரசிகர்களுக்கு அது திருவிழா.

மதத்தின் பெயரால் அணி... பெரிய சண்டை

அப்போது ரஞ்சியைவிடப் பெரிய கூட்டம் கூடிய போட்டி ஒன்று இருந்தது. பம்பாயில் நடந்த பென்டாங்குலர். இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள், மற்றவர்கள் என்று மத, இன அடிப்படையில் 5 அணிகள்.

ஆட்டம் தரமானது. ரசிகர்களும் பல நேரம் கண்ணியமாகவே நடந்துகொண்டார்கள். ஆனா நாடு மத ரீதியாகப் பிளவுபட்டுக்கொண்டிருந்த 1940-களில், இந்து அணி ஜெயித்தது, முஸ்லிம் அணி ஜெயித்தது என்று ஸ்கோர் போர்டு போடுவது சரியா என்ற கேள்வி எழுந்தது. 1940 டிசம்பரில் காந்தி இந்தப் போட்டிக்கு எதிராகக் கருத்துச் சொன்னார். வசூலும் கூட்டமும் கொட்டும் போட்டியை நிறுத்த பலருக்கு மனசு இல்லை. வாரியத்துக்குள்ளும் விவாதம் ஓடியது. தலைவர் சுப்பராயன் நின்றது மத அடிப்படையிலான கிரிக்கெட்டுக்கு எதிரான பக்கம்.

கோயில் வாசல் எல்லாருக்கும் திறக்கணும் என்று மசோதா போட்டவர், மைதானத்தில் மட்டும் பிரிவினை இருக்கட்டும் என்று சொல்லியிருந்தால்தான் ஆச்சரியம். பென்டாங்குலர் கடைசியாக நடந்தது 1946-ல். அதன் பிறகு அது திரும்பவே இல்லை.

இந்துக்கள் அணிக்குள்ளேயே பிரிவினை இருந்ததையும் மறக்கக் கூடாது. பல்வங்கர் பாலூ என்ற அபாரமான சுழற்பந்து வீச்சாளர், தலித் என்பதால் புனேயில் மைதானத்தில் சேர்ந்து ஆடலாம், ஆனா இடைவேளையில் தனியாக மண் குவளையில் தேநீர் என்று நடத்தப்பட்டார். அவருக்குக் கேப்டன் பதவி மறுக்கப்பட்டது. அவரது தம்பி விட்டல் 1923-ல்தான் கேப்டன் ஆனார். விளையாட்டு தானாகவே மனுஷங்களைச் சமமாக்கிவிடாது. யாராவது அதற்காக நிற்க வேண்டியிருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை

அவரது பதவிக்காலத்தின் கடைசி சீசன் 1945-46. பள்ளி மாணவர்களுக்கான கூச் பெஹார் கோப்பை தொடங்கியது அந்த சீசனில்தான். டெஸ்ட் ஆட வாய்ப்பில்லாத ஒரு தலைமுறை முடிந்து, அடுத்த தலைமுறைக்கான கதவு அப்போது திறந்தது. சுமார் 40 வருஷம் பள்ளி அணிகளுக்காக நடந்த இந்தத் தொடர், 1987-88-ல் இருந்து 19 வயதுக்கு உட்பட்டோர் தொடராக மாறியது. இன்றைக்கும் இந்திய அணிக்குப் போக நினைக்கும் பசங்களுக்கு இது முக்கியமான படிக்கட்டு.

வீட்டுக்குள்ளேயே எதிரணி

சுப்பராயனின் மூத்த மகன் பி.பி.குமாரமங்கலம் ராணுவத்தில் சேர்ந்து, 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத் தளபதியாக இருந்தார். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்கள். அப்பா காங்கிரஸ்.

1957 தேர்தலில் சுப்பராயன் திருச்செங்கோட்டிலும், பார்வதி கோயம்புத்தூரிலும் ஜெயித்து ஒரே மக்களவைக்குப் போனார்கள். 1959-ல் அப்பா நேரு அரசில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சர். மகள் எதிர்க்கட்சி வரிசையில். எதிர் அணியில் இருப்பவர் எதிரி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

இடையில் இந்தோனேசியாவுக்கான தூதராகவும் இருந்தார். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர். 1962-ல் மகாராஷ்டிர ஆளுநரானார். அதே ஆண்டு அக்டோபரில், பதவியில் இருக்கும்போதே காலமானார். பிற்காலத்தில் சேலம் எம்.பி.யாகவும் மத்திய அமைச்சராகவும் இருந்த ரங்கராஜன் குமாரமங்கலம் இவரது பேரன்.

இன்றைக்கு ஏன் இதைப் பேசணும்?

சேலம், நாமக்கல் பக்கத்தில் இன்று கிரிக்கெட் வேறு உயரத்தில் இருக்கிறது. சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராஜன், 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஊர் திரும்பியவர் சொந்த ஊரிலேயே பசங்களுக்காக மைதானம் கட்டினார். வாழப்பாடி பக்கத்தில் 2020-ல் புதிய கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது.

வாய்ப்பு வந்ததும் நெருக்கடியும் கூடவே வந்துவிட்டது. பையன் எப்படியாவது செலக்ட் ஆகணும் என்ற அவசரத்தில் பிறந்த தேதியையே மாற்றும் மோசடி, ஜூனியர் கிரிக்கெட்டில் நாடு முழுக்க இருக்கும் பிரச்சினை. எலும்பு வளர்ச்சியை எக்ஸ்ரே எடுத்து வயதைச் சோதிக்கும் முறையை பிசிசிஐ பின்பற்றுகிறது. உண்மையான வயதைத் தானாக ஒப்புக்கொள்பவர்களுக்கு மன்னிப்பு, மறைப்பவர்களுக்கு 2 ஆண்டு தடை என்று 2020-ல் அறிவித்தது. ராகுல் டிராவிட் 2015-ல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதைக் கடுமையாகச் சாடினார்.

17 வயசுப் பையன் 14 வயசுக்காரர்களோடு ஆடினால் விக்கெட் விழும், கோப்பையும் வரும். ஆனா நேர்மையாக ஆடிய ஒரு சின்னப் பையனின் இடம் பறிபோகிறது. அவன் அதோடு மட்டையைக் கீழே வைத்துவிடவும் கூடும். பொய் சொன்ன பையனுக்கும் நிம்மதி இல்லை. ஆட்டம் சந்தோஷத்துக்கு என்பதையே இரண்டு பேரும் மறந்துவிடுகிறார்கள்.

மதத்தைச் சொல்லிப் பிரித்தாலும், வயசில் ஏமாற்றினாலும் பாதிக்கப்படுவது ஒரே விஷயம்தான்: சமமாக நின்று ஆடும் உரிமை. சுப்பராயன் காலத்தில் அதற்காக, கூட்டம் கொட்டிய ஒரு போட்டியையே இந்திய கிரிக்கெட் விட்டுக்கொடுத்தது. இன்றைக்கு ஒரு பெற்றோரோ பயிற்சியாளரோ விட்டுக்கொடுக்க வேண்டியது அதைவிடச் சின்னது, ஒரு செலக்ஷன் மட்டுமே. அடுத்த வருஷம் இன்னொரு செலக்ஷன் வரும். பையனுக்கு ஆட்டத்தின் மேல் இருக்கும் ஆசை போய்விட்டால், அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.