மணலூர் மணியம்மை

கீழ்வேளூரிலிருந்து எத்திசையில் நடந்தாலும் வயலும் வாய்க்காலும் உடன்வரும். காவிரியின் கடைமடைப் பகுதியாகிய இந்நிலத்தில் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் விளைந்த நெல் பண்ணையாரின் களஞ்சியத்தைச் சேர்ந்தது. விளைவித்த பண்ணையாளோ கடனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்தார். சிறு பிழைக்கும் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாயின. பெண்களின் துயரம் இன்னும் கொடியது. கைக்குழந்தை வரப்போரத்தில் அழுதாலும் நடவை விட்டுக் கரையேற அவர்களுக்கு உரிமையில்லை.

இம்மக்களுக்காகக் குரல்கொடுத்த மணியம்மை, மணலூரில் நிலவுடைமை கொண்ட அந்தணர் குடும்பத்தைச் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோதே வயதில் மிக மூத்த வழக்கறிஞர் ஒருவருக்கு இரண்டாம் தாரமாக மணமுடிக்கப்பட்டு, இளமையிலேயே கைம்பெண்ணானார். பிறந்த வீடு திரும்பியவரிடம் பண்ணையை மேற்பார்க்கும் பொறுப்பு வந்தது. கணக்குப் பார்க்கச் சென்ற இடத்தில் அவர் கண்டது சேரி மக்களின் பசியை.

முதலில் காங்கிரசிலும் பின்னர்ப் பொதுவுடைமை இயக்கத்திலும் இணைந்தார். கைம்மைக் கோலத்தைத் துறந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு, கிராப்பு வெட்டிய தலை ஆகியவையே அவர்தம் தோற்றமாயின. சிலம்பமும் கற்றார். இதனை வெறும் விந்தையாகக் கருதுதல் பிழையாகும். இரவில் தனியே சேரிகளுக்குச் சென்றுவர வேண்டிய பெண்ணுக்கு அவ்வுடையும் சிலம்பமும் தற்காப்பாயின. உறவினரோ அவரை ஒதுக்கினர்.

1943இல் தென்பரையில் தொடங்கிய விவசாயிகள் சங்கம் கீழத்தஞ்சை எங்கும் பரவியது. சீனிவாசராவ் போன்ற தலைவர்களோடு மணியம்மையும் ஊர் ஊராகச் சென்றார். 1944ஆம் ஆண்டின் மன்னார்குடி ஒப்பந்தம், சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. அதே பத்தாண்டில் நைஜீரியாவின் அபேகுட்டா நகரில் சந்தைப் பெண்களைத் திரட்டி வரிக்கொடுமையை எதிர்த்தார் ஃபன்மிலாயோ ரான்சம்-குட்டி. ஒருவரையொருவர் அறியாத இருவரும் உழைக்கும் பெண்களிடையே நின்றே அதிகாரத்தை எதிர்கொண்டனர்.

மணியம்மை சிறையும் சென்றார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மறு ஆண்டே பூந்தாழங்குடியில், வீடொன்றில் வளர்க்கப்பட்ட மான் முட்டியதால் அவர் உயிரிழந்தார். நெடுநாள் மறக்கப்பட்டிருந்த அவர்தம் வாழ்வை, மக்களிடம் நேரில் கேட்டறிந்து, 'பாதையில் பதிந்த அடிகள்' என்னும் புதினமாக்கினார் ராஜம் கிருஷ்ணன்.

மணியம்மை மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.