கணக்கர் குமரப்பா

தஞ்சையில் 1892-ஆம் ஆண்டு பிறந்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காய்வு பயின்று பம்பாயில் வசதியுடன் வாழ்ந்தவர். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் அவ்வாழ்வைத் துறந்தார். அடிகள் பணித்தபடி, மாணவர்களுடன் குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகச் சென்று, குடியானவனின் வரவு, செலவு, கடன், வரிச்சுமை அனைத்தையும் ஏட்டில் ஏற்றினார். கிராமத் திட்டம் ஏழையின் திண்ணையில் தொடங்க வேண்டும் என்பதை அப்பணி உணர்த்திற்று. 1934 முதல் வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராயிருந்து, மரச்செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம் ஆகியவற்றை வளர்த்தார். இறுதிக் காலத்தை மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில் எளிய குடிலில் கழித்தார். 1960 ஜனவரி 30-ஆம் நாள், அடிகளின் நினைவு தினத்திலேயே, மறைந்தார்.

அயலூரில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், நம் வீட்டு ஓட்டை மாற்றுவதோடு நில்லாது, அடுத்த தெருவின் ஒழுகும் கூரையையும் நோக்குவோமாக.