ஆடல் காத்த அரசர்

பசிபிக் மாகடலின் நடுவே எரிமலைகளால் உண்டான தீவுக் கூட்டம் ஹவாய். அத்தீவு மக்கள் நெடுங்காலம் எழுத்தறியாதவர். ஆயினும் தம் வரலாறு அறியாதவர் அல்லர். தெய்வங்களின் செயல்களையும், தலைவர்களின் குடிவழியையும் பாட்டாக அமைத்து நெஞ்சில் இருத்தினர். அப்பாட்டின் பொருளைக் கையாலும் மெய்யாலும் காட்டும் ஆடலே ஹுலா எனப்படும். சுரைக்குடுக்கையைத் தட்டியும், சுறாமீன் தோல் போர்த்த முழவை முழக்கியும் ஆடுவர். ஆதலின் அதனை வெறுங்கூத்தென எண்ணற்க. ஏடில்லா மக்களுக்கு அஃதே ஏடாக இருந்தது.

1820ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயப் போதகர்கள் அங்கு வந்தனர். அம்மொழிக்கு எழுத்தும் அச்சும் தந்தவர் அவர்களே. அந்நன்றியை மறத்தல் தகாது. எனினும், ஹுலாவை அவர்கள் இழிவெனக் கருதினர். அவர்தம் சமயத்தைத் தழுவிய காகுமானு என்னும் அரசியார், 1830இல் அதனைப் பொதுவிடங்களில் ஆடலாகாதெனத் தடுத்தார். ஆடல் சிற்றூர்களில் ஒதுங்கி வாழ்ந்தது. கப்பல்களோடு வந்த புதுநோய்களோ மக்களைக் கொள்ளை கொண்டன. பாடுவோர் மறைய மறையப் பாட்டும் மறைந்தது.

டேவிட் கலாகவுவா 1836ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் ஹொனலுலு நகரில் பிறந்தார். போதகர் நடத்திய பள்ளியிலேயே பயின்றவர், ஆங்கிலம் கைவந்தவர். அவ்வாறிருந்தும் முன்னோர் கலையை அவர் இகழ்ந்தாரல்லர். 1874இல் சட்டமன்றத்தார் அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தனர். 1881இல் அவர் உலகை வலம்வந்தார்; அரியணையில் இருக்கும்போதே அவ்வாறு வந்த முதல் மன்னர் அவரே. ஜப்பான், சீனம், சயாம் முதலிய நாடுகளைக் கண்டு, கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை புகைவண்டியில் நம் நாட்டையும் கடந்து சென்றார்.

1883ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், புதிதாய் எழுந்த இயோலானி அரண்மனையின் முன்னே முடிசூட்டு விழா நிகழ்ந்தது. இரண்டு வாரம் நீடித்த அவ்விழாவில், ஹுலாவை வெளிப்படையாக ஆடுமாறு அரசர் பணித்தார். அரை நூற்றாண்டாக ஒதுங்கியிருந்த கலை அரண்மனை முற்றத்தில் அரங்கேறியது! நகரத்துப் பெருஞ்செல்வர் பலர் முகஞ்சுளித்தனர். ஆடற்பாடல்களின் நிரலை அச்சிட்டவர்மீது வழக்கும் தொடுக்கப்பட்டது. மன்னர் பின்வாங்கினாரில்லை. 1886இல் தம் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவிலும் ஹுலாவை ஆடச்செய்தார். உலகத் தோற்றத்தையும் அரச மரபையும் ஈராயிரத்திற்கு மேற்பட்ட அடிகளில் கூறும் குமுலிப்போ என்னும் பழம்பாட்டை 1889இல் அச்சேற்றினார். வாயில் மட்டும் வாழ்ந்த பாட்டு அதனால் பிழைத்தது.

குறையும் அவரிடம் உண்டு. வரவறியாது செலவிட்டார், கடன் பெருகியது. அதனைக் காரணங் காட்டி, கரும்புத் தோட்டச் செல்வர்க்குத் துணைநின்றோர் 1887இல் படைக்கலம் ஏந்திய கூட்டத்துடன் அவரை நெருக்கி, அவரது அதிகாரத்தைப் பறிக்கும் புதிய அரசியல் சட்டத்தில் ஒப்பமிடச் செய்தனர். 1891ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 20ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அவர் காலமானார். அவருக்குப்பின் முடிசூடிய தங்கையார் லிலியுவோகலானி 1893இல் அரசிழந்தார். 1898இல் நாடே அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது.

அரசு போயிற்று, ஆடல் போகவில்லை. 1960இல் ஆழிப்பேரலையால் சிதைந்த ஹீலோ என்னும் நகரத்தார், ஊர்க்கு மீண்டும் வாழ்வு தேடி 1964இல் ஒரு விழாத் தொடங்கினர். இசையும் ஆடலும் விரும்பிய கலாகவுவாவுக்கு மக்கள் இட்ட பெயர் மகிழ்ச்சி மன்னர் என்பது. அப்பெயரையே விழாவுக்கும் சூட்டினர். தொடக்கத்தில் மன்னரைப்போல் தாடி வளர்த்தோர்க்குப் போட்டி நடந்ததென்பர். நகைப்புக்குரியதாயினும் அன்பின் செயலே அது. 1971இல் ஹுலாப் போட்டி சேர்ந்தபின் விழா பெருமை பெற்றது. ஆண்டுதோறும் ஈஸ்டர் திருநாளையொட்டி வரும் வாரத்தில் ஆடற்குழுக்கள் பல அங்கே திரள்கின்றன. ஆசிரியர் முழவு தட்டிப் பழம்பாட்டைத் தொடங்க, இளையோர் ஆடுகின்றனர். மன்னர் கோலத்தில் ஒருவரும் அரசியார் கோலத்தில் ஒருவரும் வீற்றிருக்க, அவர்கள் முன்னிலையில் அவ்வாடல் நிகழ்கின்றது.