பிரிவினைக் காலத்தில் காயிதே மில்லத்

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவைக் கடந்து சென்றால் வரும் ஊர் மாதனூர். ஊரை ஒட்டிப் பாலாறு செல்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விசாரம், இராணிப்பேட்டை என்று இந்த ஆற்றைச் சார்ந்து அமைந்த ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தழைத்தது. பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சேர்ந்த சாற்றில் பல நாள் கிடத்திப் பதப்படுத்துவது பழைய முறை. அவ்வாறு பதமான தோல் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறி இலண்டன் சந்தையை அடைந்தது. தொழிற்கூடங்களை நடத்தியவர்களுள் பெரும்பாலோர் இசுலாமிய வணிகர். குழிகளில் இறங்கி உழைத்தவர்கள் ஆதிதிராவிடரும் ஏழை இசுலாமியரும் ஆவர்.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. அதே வேளையில் இரண்டாகவும் பிரிந்தது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் பெருகிய குருதி பாலாற்றங்கரையை எட்டவில்லை. எனினும் அச்சம் எட்டியது. பச்சைத் தோல் வந்துகொண்டிருந்த பகுதிகளுள் சில ஒரே இரவில் அயல்நாடாயின. கராச்சியிலோ டாக்காவிலோ கிளை வைத்திருந்த வணிகனுக்கு, அக்கிளையே அவன்மீது ஐயம் கொள்ளக் காரணமாயிற்று. போவதா, இருப்பதா என்னும் வினா வீட்டுக்கு வீடு எழுந்தது. துணி வணிகன் தன் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். தோல் பதனிடுபவன் எதைக் கட்டிக்கொண்டு போவான்? குழிகளையும் ஆற்று நீரையும் கைதேர்ந்த தொழிலாளரையும் பெயர்த்தெடுத்துச் செல்ல இயலாது.

இம்மக்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசும் பொறுப்பு அந்நாளில் ஒருவரிடம் இருந்தது. அவர் முகம்மது இசுமாயில். மக்கள் அவரைக் காயிதே மில்லத் என்று அழைத்தனர். இந்த அரபுத் தொடருக்குச் சமுதாய வழிகாட்டி என்பது பொருள்.

இசுமாயில் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார். தந்தை மியாகான் ராவுத்தர் மார்க்க அறிவு மிக்கவர். அவர் இளமையிலேயே மறைந்துவிட, தாயின் கண்காணிப்பில் இசுமாயில் வளர்ந்தார். திருநெல்வேலியிலும் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கல்வி கற்றார். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்க அழைப்பைக் கேட்டு, பட்டத் தேர்வு எழுதும் நிலையில் 1920இல் கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னர்ப் பிழைப்புக்காக அவர் ஏற்றது தோல் வணிகம். தென்னாட்டுத் தோல் வணிகத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த ஜமால் குடும்பத்தாரோடு தொழில் உறவு கொண்டார். ஆகவே பாலாற்றங்கரை வணிகரின் கணக்கும் கடனும் கவலையும் அவருக்குப் புதியன அல்ல.

அக்காலத் தேர்தல் முறை இன்றைய முறையினும் வேறானது. இசுலாமிய வாக்காளர் தனித்தொகுதிகளில் இசுலாமிய வேட்பாளருக்கு வாக்களித்தனர். 1946இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் அத்தனித்தொகுதிகளை ஏறத்தாழ முழுவதுமாக முஸ்லிம் லீக் வென்றது. அதன் மாகாணத் தலைவராகிய இசுமாயில் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவ்வகையில் மாகாணத்து இசுலாமியர் அனைவரும் அவருடைய தொகுதி மக்களே. பேட்டை நெசவாளியும் ஆம்பூர்த் தோல் தொழிலாளியும் மலபார் உழவனும் அவர் முகத்தையே நோக்கினர்.

இங்கே ஓர் இடர்ப்பாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். அத்தேர்தலில் லீக் முன்வைத்த முதன்மைக் கோரிக்கை பாகிஸ்தான். அக்கோரிக்கைக்காக வாக்குக் கேட்டவர்களுள் இசுமாயிலும் ஒருவர். பாகிஸ்தான் அமைந்தபோது, வாக்களித்த சென்னை மாகாண மக்களுக்கு அதில் இடமில்லை; அவர்கள் ஊர் இங்கேதான் இருந்தது. கோரிக்கையை வென்ற கட்சி, தன் வாக்காளரை ஐயத்திற்கும் அச்சத்திற்கும் இடையே நிறுத்திவிட்டது. அக்கட்சியின் வட இந்தியத் தலைவர்கள் பலர் எல்லையைக் கடந்து சென்றனர். இசுமாயில் செல்லவில்லை.

1947 டிசம்பரில் அனைத்திந்திய முஸ்லிம் லீக்கின் பேரவை கராச்சியில் கூடிக் கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலிகான் அமைப்பாளரானார். இந்தியப் பகுதிக்கு இசுமாயில் அமைப்பாளரானார். அம்மாத இறுதியில் மௌலானா அபுல்கலாம் ஆசாத் இலக்னோவில் கூட்டிய மாநாடு, சமய அடிப்படையிலான கட்சிகளைக் கலைத்துவிடுமாறு இசுலாமியருக்கு அறிவுறுத்தியது. ஆசாத்தின் கருத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. பிரிவினையின் குருதி உலராத நேரத்தில், அப்பிரிவினையோடு பெயர் பிணைந்த ஒரு கட்சி தொடர்வது வெறுப்பையே வளர்க்கும் என்று எண்ணியவர் பலர்.

1948 மார்ச் 10ஆம் நாள், இன்று இராஜாஜி மண்டபம் என வழங்கும் சென்னை மண்டபத்தில் இந்தியப் பகுதியின் பேரவை கூடியது. வடநாட்டின் பெருந்தலைவர்கள் பலரும் வரவில்லை. காந்தியடிகள் கொலையுண்டு ஆறு வாரமே ஆகியிருந்தது. கட்சியைக் கலைப்பதா, தொடர்வதா என்பதே அன்றைய வினா. தொடர்வது என்று கூட்டம் முடிவு செய்தது. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்னும் பெயரில் அது உருப்பெற்றது, இசுமாயில் தலைவரானார். இந்தியாவின் குடிமக்களாக, இந்தியாவின் சட்டத்திற்கு உட்பட்டு, வாக்கின் வழியாகவும் வாதத்தின் வழியாகவும் குறைகளைத் தீர்த்துக்கொள்வது என்னும் நெறியை அவர் தம் மக்கள்முன் வைத்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் ஐதராபாத்து இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அந்நிகழ்வை ஒட்டி, லீக் உறுப்பினர் என்றாலே ஐயக்கண் கொண்டு பார்க்கும் நிலை மிகுந்தது. இத்தகைய சூழலில்தான் இசுமாயில் அரசமைப்பு நிருணய சபையில் அமர்ந்திருந்தார். அங்கே அவருக்குத் துணைநின்றோர் மிகச் சிலர். அவர்களுள் மலபாரைச் சேர்ந்த போக்கர் சாகிப் குறிப்பிடத்தக்கவர்.

1948 நவம்பர் 23ஆம் நாள் பொது உரிமையியல் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தது. எந்தச் சமூகமும் தனக்குரிய தனிச்சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் திருத்தத்தை இசுமாயில் முன்மொழிந்தார். அம்பேத்கர் அத்திருத்தத்தை ஏற்கவில்லை. எனினும், எதிர்கால நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை, விரும்பி ஏற்போருக்கு மட்டும் உரியதாகத் தொடங்க முடியும் என்று விளக்கினார். திருத்தம் தோற்றது. ஆனால், அதை முன்மொழிந்ததனால் இந்த விளக்கம் அவைக்குறிப்பில் ஏறியது.

அடுத்த தோல்வி இதனினும் பெரியது. 1949 மே மாதம் 25, 26ஆம் நாள்களில் சிறுபான்மையினர் இடஒதுக்கீடு பற்றிய அறிக்கையைச் சபை ஆராய்ந்தது. தனித்தொகுதி முறை தொடரவேண்டும் என்று இசுமாயில் வாதிட்டார். சபையின் இசுலாமிய உறுப்பினருள்ளேயே பலர் அதை எதிர்த்தனர். பேகம் அய்சாஸ் ரசூல், பெரும்பான்மையினரின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்வதே தக்கது என்னும் கருத்துடையவர். வல்லபபாய் படேல், நாட்டைப் பிரித்த முறையை மீண்டும் கேட்பதா என்று கடுமையாக மறுத்துரைத்தார். திருத்தம் பெருவாரியான வாக்குகளால் வீழ்ந்தது. தனித்தொகுதி நாட்டின் ஒருமைக்கு உகந்ததா என்ற கேள்வியில் வரலாறு இசுமாயிலின் பக்கம் நிற்கவில்லை. தம்மைத் தேர்ந்தெடுத்தோரின் அச்சத்தை, அது விரும்பப்படாத அவையில் எழுந்து நின்று எடுத்துரைத்தார் என்பதே இங்கு எண்ணத்தக்கது. தோற்ற பின்னரும் அவர் அவையைப் புறக்கணித்து வெளியேறவில்லை. பொதுத்தொகுதி முறையை ஏற்று, அதற்கேற்பத் தம் கட்சியைத் தேர்தலுக்கு அணியப்படுத்தினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் எழுந்தது. தேவநாகரி, உருது ஆகிய இரு வரிவடிவங்களிலும் எழுதப்படும் இந்துஸ்தானியை அவர் ஆதரித்தார். பழமையைத் தகுதியாகக் கொள்வதானால், இம்மண்ணில் முதலில் பேசப்பட்ட மொழியாகிய தமிழே, விரித்துச் சொன்னால் திராவிட மொழிகளே, அத்தகுதிக்கு உரியவை என்றும் எடுத்துரைத்தார். வீட்டில் உருது பேசும் ஆம்பூர் மக்களுக்கும் தமிழ் பேசும் பேட்டை மக்களுக்கும் ஒருங்கே உறுப்பினராய் இருந்தவரின் உரை அது.

பாலாற்றங்கரை வணிகரை நேரே தொட்ட சட்டம் வேறொன்று. பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தோர் விட்டுச்சென்ற சொத்தை அரசுக் காப்பாளர் வசம் ஒப்படைக்க 1949இல் அவசரச் சட்டமும் 1950இல் முழுச் சட்டமும் இயற்றப்பட்டன. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஏதிலிகளுக்கு வாழ்வளிக்க அச்சட்டம் தேவைப்பட்டது. ஆயினும் அது சென்னை மாகாணத்திற்கும் பொருந்தியது. குடிபெயர எண்ணுபவர் என ஒருவரைக் கருதவும் அதில் இடமிருந்தது. உறவினருக்கு அனுப்பிய பணமும் கராச்சிக் கிளையின் கணக்கும் வினாவுக்கு உள்ளாகலாம் என்னும் நிலை வணிகரை நெருக்கியது. புதியவர்களைக் குடிபெயர்ந்தோராக அறிவிக்கும் வழக்கம் 1954 மே மாதத்தோடு முடிவுக்கு வந்தது. அதற்குள், போவதா இருப்பதா என்ற வினாவுக்குத் தோல்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் இருப்பது என்றே விடை கண்டிருந்தனர்.

இசுமாயில் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். 1962இல் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படை எல்லைக்குள் புகுந்தது. அப்போது அவர் பிரதமர் நேருவுக்கு மடல் எழுதி, தம் ஒரே மகனைப் படையில் சேர்க்க இசைவு தெரிவித்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எந்த அவைகளில் ஐயத்தோடு நோக்கப்பட்டாரோ, அதே தலைநகருக்குச் சென்ற மடல் அது.

மஞ்சேரி அவரை 1967இலும் 1971இலும் மீண்டும் தேர்ந்தெடுத்தது. பின்தங்கிக் கிடந்த அப்பகுதிக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்று அவர் கட்சி வற்புறுத்தியதன் பயனாக, 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புரம் மாவட்டம் தோன்றியது. கல்வியே அச்சத்துக்கு மருந்து என்று அவர் கருதியிருக்க வேண்டும். கேரளத்துப் பரூக் கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் உருவாக அவர் துணைநின்றார்.

பெரும் வணிகரிடையே பழகியும் அவர் பொருள் சேர்க்கவில்லை. சென்னையை அடுத்த குரோம்பேட்டையில் எளிய வீடொன்றில் வாழ்ந்தார். அவ்வூர்ப் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. மக்களவை உறுப்பினராக இருக்கும்போதே, 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.