உடற்கல்விக்கு உயிரூட்டிய ஹாரி பக்

சென்னை நந்தனத்தில் அண்ணாசாலையை ஒட்டி, மரங்கள் நிறைந்த பெரிய வளாகம் ஒன்று உள்ளது. அண்மை ஆண்டுகளில் சென்னைப் புத்தகக் காட்சி நடைபெறுவது இவ்வளாகத்தின் திடலில்தான். புத்தகம் வாங்கச் செல்வோர் பலர், தாம் நிற்கும் மண்ணில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலமாக இளைஞர்கள் ஓடியும் தாண்டியும் பந்தாடியும் பயின்று வருகின்றனர் என்பதை எண்ணுவதில்லை. அது ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. ஆசியாவின் தொன்மையான உடற்கல்விக் கல்லூரிகளுள் ஒன்றாகிய அதனை 1920-ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

பிறப்பும் பயிற்சியும்

ஹாரி குரோ பக், 1884-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே விளையாட்டில் நாட்டம் கொண்ட அவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். விளையாட்டுப் பயிற்சியாளர்களை உருவாக்குவதில் அக்கல்லூரி புகழ்பெற்று விளங்கியது.

அப்புகழுக்கு ஒரு காரணம் கூடைப்பந்து. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் பனி கொட்டியது. மாணவர்கள் வெளியே சென்று ஆட இயலவில்லை. உள்ளரங்கில் செய்த உடற்பயிற்சிகளோ அவர்களுக்குச் சலிப்பூட்டின. எனவே, அரங்கினுள் ஆடத்தக்க புதிய விளையாட்டு ஒன்றை இரண்டு வாரங்களுக்குள் அமைக்குமாறு, துறைத்தலைவர் லூதர் குலிக் தம் ஆசிரியருள் ஒருவரான ஜேம்ஸ் நைஸ்மித்தைப் பணித்தார்.

நைஸ்மித் ஆழ்ந்து சிந்தித்தார். பந்தைக் கையில் ஏந்தி ஓட விட்டால், ஓடுபவரைப் பிறர் பிடித்துத் தள்ளுவர். அரங்கின் கடினமான தரையில் காயம் நேரும். ஆகவே, பந்துடன் ஓடுதல் கூடாது என விதித்தார். இலக்கு தலைக்கு மேல் இருந்தால், வலிமையாக எறிவதைவிடக் குறிபார்த்து எறிவதே பயன் தரும் எனக் கண்டார். பழம் வைக்கும் இரண்டு கூடைகளை அரங்கின் மாடக் கைப்பிடியில், 10 அடி உயரத்தில் பொருத்தச் செய்தார். 13 விதிகளை எழுதி ஒட்டினார். 18 மாணவர்கள் அணிக்கு ஒன்பது பேராகப் பிரிந்து, கால்பந்தைக் கொண்டு முதல் ஆட்டத்தை ஆடினர். கூடைக்கு அடியில் துளை இல்லாததால், பந்து விழுந்த ஒவ்வொரு முறையும் மேலேறி எடுக்க வேண்டியிருந்தது. இன்று கூடை இரும்பு வளையமாக மாறிவிட்டது. ஆயினும் 10 அடி உயரம் மாறவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், அருகிலுள்ள ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் கைப்பந்தினை உருவாக்கினார். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே. ஆடுவோரின் உடல்நிலையையும் இடத்தையும் கருத்திற்கொண்டு விளையாட்டை அமைப்பதும், அதனைப் பிறருக்குப் பயிற்றுவிப்பதும் ஒரு கல்வியே என்னும் கொள்கை அக்கல்லூரியில் வேரூன்றி இருந்தது. பக் அங்கிருந்து பெற்றுவந்த செல்வம் அக்கொள்கையே ஆகும்.

சென்னை வருகை

1919-ஆம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் சார்பில் பக் இந்தியாவிற்கு வந்தார். அவருடைய துணைவியார் மேரி பக் அம்மையாரும் அவர் பணியில் பங்கு கொண்டார்.

அந்நாளில் இந்தியப் பள்ளிகளில் உடற்கல்வி என்பது பெரும்பாலும் 'டிரில்' என்னும் அளவில் நின்றுவிட்டது. மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையில் நிற்பர். கட்டளைக்கேற்பக் கையை நீட்டுவர்; மடக்குவர்; திரும்புவர். பல பள்ளிகளில் படையிலிருந்து ஓய்வு பெற்ற வீரர்களே இதனை நடத்தினர். அவர்கள் ஒழுங்கைக் கற்பித்தனர். ஆயினும், வளரும் பிள்ளையின் எலும்பும் தசையும் எத்தகையன, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பயிற்சி தகும் என்பனவற்றைக் கற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை. பள்ளியில் அவர்களுக்குரிய மதிப்பும் குறைவாகவே இருந்தது. கணக்கும் இலக்கணமும் கற்பிப்பவரே ஆசிரியர். திடலில் நிற்பவர் ஆசிரியர் அல்லர் என்னும் எண்ணம் நிலவியது.

பக்கின் முன் இரு வழிகள் இருந்தன. திறமை மிக்க சில இளைஞர்களைத் தேர்ந்து, பயிற்சி அளித்து, பரிசுகள் வெல்லச் செய்வது ஒரு வழி. அவ்வழியில் புகழ் விரைவில் கிட்டும். பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கவல்ல ஆசிரியர்களை உருவாக்குவது மற்றொரு வழி. அதன் பயன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். பக் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

கல்லூரி உருவாதல்

1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. முதல் வகுப்பில் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களே சேர்ந்தனர். பெரிய கட்டடமோ, வசதிமிக்க அரங்கமோ அப்போது இல்லை. முதலில் பயிற்சிப் பள்ளியாக விளங்கிய அது, பின்னர்க் கல்லூரியாக உயர்ந்தது. இடம் மாறி மாறி நடந்துவந்த நிறுவனம், இறுதியில் அக்காலச் சைதாப்பேட்டைப் பகுதியில், இன்றைய நந்தனத்தில் நிலைபெற்றது.

அங்குப் பயின்றோர் காலையிலும் மாலையிலும் திடலில் பயிற்சி பெற்றனர். இடையில் வகுப்பறையில் உடலமைப்பு, உடல்நலம், முதலுதவி, விளையாட்டு விதிகள் முதலியவற்றைக் கற்றனர். தாம் ஆடுவது மட்டும் போதாது. பிறரை ஆடச்செய்யவும், நடுநிலை பிறழாது நடுவராக நிற்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம்.

பக் மேலைநாட்டு விளையாட்டுகளை மட்டும் கற்பித்தார் அல்லர். தண்டால், பஸ்கி போன்ற இந்திய உடற்பயிற்சிகளும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. நாடு அந்நியர் ஆட்சியின்கீழ் இருந்த காலம் அது. 1920-ஆம் ஆண்டிலேதான் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். மேலைநாட்டிலிருந்து வருவன யாவும் உயர்ந்தவை, இம்மண்ணில் உள்ளவை யாவும் தாழ்ந்தவை என்று கருதுவோரும் இருந்தனர். அத்தகைய சூழலில், இந்நாட்டுப் பயிற்சிகளையும் கற்கத்தக்க கலையாக ஏற்றது குறிப்பிடத்தக்கது.

கூடைப்பந்து பரவுதல்

ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே கூடைப்பந்து இந்தியாவிற்கு வந்தது. எனினும், ஒரு விளையாட்டு நாட்டிற்குள் வந்துவிட்டால் மட்டும் அது வேர்கொள்வதில்லை. அதனைக் கற்பிப்போர் தேவை. விதிகளை அறிந்த நடுவர் தேவை. அத்தேவையைச் சென்னைக் கல்லூரி நிறைவு செய்தது.

கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் பரந்த திடல் வேண்டும். கூடைப்பந்துக்குப் பள்ளி முற்றமே போதும். இரண்டு கம்பங்கள், இரண்டு வளையங்கள், ஒரு பந்து ஆகியவை இருந்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். பயிற்சி முடித்த ஆசிரியர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பியபோது, கூடைப்பந்தும் கைப்பந்தும் அவர்களுடன் சென்றன. 1934-ஆம் ஆண்டில் ஆடவர்க்கான முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி புதுதில்லியில் நடைபெறும் அளவிற்கு அவ்விளையாட்டு வளர்ந்தது.

பாரிசுப் பயணம்

1923-ஆம் ஆண்டில் அகில இந்திய ஒலிம்பிக் குழு ஒன்று தற்காலிகமாக அமைக்கப்பெற்றது. தொழிலதிபர் சர் தோராப்ஜி டாட்டாவும், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்கல்வி இயக்குநர் ஏ.ஜி. நோரனும் அதற்குத் துணை நின்றனர். 1924 பிப்ரவரியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடத்தப்பெற்றன. அவற்றில் தேர்வு பெற்ற தடகள வீரர் எட்டுப் பேர், டென்னிஸ் வீரர் எழுவர் ஆகியோருடன் இந்திய அணி பாரிசு ஒலிம்பிக்கிற்குச் சென்றது. அவ்வணிக்கு மேலாளராகச் சென்றவர் பக்.

தடகள வீரருள் சென்னை மாகாணத்தைச் சார்ந்தோர் இருவர். ஒருவர் தடை ஓட்ட வீரர் லட்சுமணன். மற்றவர் உயரம் தாண்டும் வீரர் ஹீத்கோட். வங்காளம், பம்பாய், மைசூர், ஐக்கிய மாகாணம், பட்டியாலா ஆகிய இடங்களைச் சார்ந்தோரும் உடன் சென்றனர். வெவ்வேறு மொழி பேசுவோர் ஓர் அணியாக நின்றனர்.

அவ்வாண்டு இந்தியா பதக்கம் ஒன்றும் பெறவில்லை. பயணம் வீண் என்று சோர்வடைய இடமிருந்தது. ஆயினும், பக் சோர்ந்து அமரவில்லை. ஆண்டு முழுவதும் பயிற்சி தரும் அமைப்புகள் மாகாணந்தோறும் இருந்தால்தான் நல்ல வீரர்கள் உருவாவர் என்னும் உண்மையை அப்பயணம் தெளிவாக்கியது.

ஊர்தோறும் சென்ற உழைப்பு

தற்காலிகக் குழு, பின்னர் இந்திய ஒலிம்பிக் சங்கமாக மலர்ந்தது. தோராப்ஜி டாட்டா அதன் தலைவராகவும், நோரன் செயலாளராகவும் விளங்கினர். மாகாணங்களில் கிளைச் சங்கங்களை ஏற்படுத்தும் பொறுப்பைப் பக் ஏற்றுப் பல பகுதிகளுக்கும் பயணம் செய்தார். விளையாட்டு ஆர்வலர்களைச் சந்தித்தார். சங்கம் அமைக்க ஊக்கமூட்டினார். கைதட்டல் கிடைக்காத பணி அது. போட்டியில் ஓடுபவரை ஊர் அறியும். ஓடுபாதை அமைத்தவரையும் விதிநூல் எழுதியவரையும் அறிவோர் சிலரே.

அச்சங்கத்தின் உதவிச் செயலாளராக இருந்த ஜி.டி. சோந்தி, பிற்காலத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் தோன்ற உழைத்தார். 1951-ஆம் ஆண்டில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் புதுதில்லி தேசிய விளையாட்டரங்கில் நடைபெற்றபோது 11 நாடுகள் கலந்துகொண்டன. கூடைப்பந்தும் அப்போட்டிகளில் ஒன்றாக இருந்தது. இந்தியா கேட் அருகில் நாம் காணும் அவ்வரங்கம் இன்று மேஜர் தியான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எழுத்துப் பணி

ஓர் ஊரில் ஒரு விதியும் மறு ஊரில் வேறு விதியும் இருப்பின், இரு ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆட இயலாது. இக்குறையைப் போக்க, பல விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்துப் பக் நூலாக்கினார். அந்நூல் உடற்கல்வி ஆசிரியர்களின் கைந்நூலாக விளங்கியது. 'வியாயாம்' என்னும் உடற்கல்வி இதழையும் அவர் நடத்தினார். இவ்விதழ் தொலைவூர்களில் தனித்துப் பணியாற்றிய ஆசிரியர்களுக்குப் புதிய செய்திகளை எடுத்துச் சென்றது.

நிறைவு

தாம் வந்த நாட்டிற்கே தம் வாழ்நாளை அளித்த ஹாரி பக், 1943-ஆம் ஆண்டில் சென்னையில் காலமானார். ஏறத்தாழ 24 ஆண்டுகள் அவர் இந்திய மண்ணில் உழைத்தார். நாடு விடுதலை அடைந்ததையோ, தில்லியில் ஆசியப் போட்டி நடந்ததையோ காண அவர் இல்லை. ஆனால், அவர் தொடங்கிய கல்லூரி நிலைத்தது. அங்குப் பயின்றோர் பல மாநிலங்களுக்கும் சென்று திடல்களில் நின்றனர்.

இன்று பள்ளிக் கால அட்டவணையில் விளையாட்டுக்கென ஒரு பாடவேளை உள்ளது. அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் உள்ளார். ஓட்டத்தில் முதல்வராக வரும் மாணவருக்கும், கடைசியாக வரும் மாணவருக்கும் அவர் ஒருங்கே ஆசிரியர். இந்நிலை தானாக வந்துவிடவில்லை. தேர்வு நெருங்கும் காலத்தில் அப்பாடவேளையை வேறு பாடத்திற்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் சில இடங்களில் உண்டு. பக் தொடங்கிய பணி இன்னும் முடிவுறவில்லை என்பதை இது காட்டுகிறது.

சொற்பொருள்

நாட்டம் – விருப்பம்
பணித்தார் – கட்டளையிட்டார்
தகும் – பொருந்தும்
பிறழாது – தவறாமல்
மாகாணம் – அக்கால ஆட்சிப் பிரிவு
கைந்நூல் – எப்போதும் உடன் வைத்திருக்கும் நூல்
ஒருங்கே – ஒன்றுபோல

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பந்துடன் ஓடுதல் கூடாது என நைஸ்மித் விதித்தது ஏன்?
2. பள்ளிகளில் கூடைப்பந்து எளிதாகப் பரவியதற்குக் காரணம் யாது?
3. விளையாட்டு விதிகளை நூலாகத் தொகுக்க வேண்டிய தேவை ஏன் எழுந்தது?

ஆ. பிரித்து எழுதுக.
1. உடற்கல்வி 2. விளையாட்டரங்கம் 3. எண்ணத்தக்க

இ. சிந்தித்து எழுதுக.
1. பக்கின் முன் இருந்த இரு வழிகள் யாவை? நீங்கள் எவ்வழியைத் தேர்ந்தெடுப்பீர்கள்? காரணம் கூறுக.
2. உம் பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஊரில் ஆடிய விளையாட்டு ஒன்றினைக் கேட்டறிந்து, அதன் விதிகளைத் தமிழில் வரிசைப்படுத்தி எழுதுக. பிற மொழி பேசும் உம் வகுப்புத் தோழர்களுக்கு அதனைக் கற்பித்து, சேர்ந்து ஆடுக.