வெண்புள்ளி தந்த மேதை

கண்ணாடிக் கோலிக்குண்டை வெயிலில் பிடித்தால் அதன்மேல் சிறு வெண்புள்ளி மின்னும். அது உருண்டை, வழவழப்பானது என்று நம் கண்ணுக்கு உணர்த்துவது அப்புள்ளியே. கணிப்பொறி வரையும் உருண்டைக்கும் அதைச் செவ்வனே அளித்தவர் புய் துவோங் ஃபோங்.

இவர் 1942-ஆம் ஆண்டு வியட்நாமிலுள்ள ஹனோய் நகரில் பிறந்தார். பிரான்சில் பொறியியல் பயின்று, 1971-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவரானார்.

கணிப்பொறிக்கு உருண்டை என்பது சிறுசிறு தட்டைத் துண்டுகளின் சேர்க்கை. துண்டுக்கு ஒரு நிறம் தீட்டினால் பட்டை தீட்டிய கல்போல் விளிம்புகள் தெரியும். அங்கேயே பயின்ற ஆன்றி கூரோ என்பவர், துண்டுகளின் மூலைகளில் ஒளியைக் கணக்கிட்டு, இடையில் நிறத்தைப் படிப்படியாகக் கலந்தார். விளிம்புகள் மங்கின, ஆனால் துண்டின் நடுவில் விழவேண்டிய வெண்புள்ளி தொலைந்தது. ஃபோங் நிறத்தைக் கலக்கவில்லை. பரப்பு நோக்கும் திசையை ஒவ்வொரு புள்ளிக்கும் கண்டு, அங்கங்கே ஒளியைக் கணக்கிட்டார். எங்கும் பரவிய ஒளி, பட்டுச் சிதறும் ஒளி, பளபளப்பு ஆகிய மூன்றையும் கூட்டினார். வெண்புள்ளி பிறந்தது!

1973-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1975-இல் இம்முறையை விளக்கும் கட்டுரை அச்சேறியது. அதே ஆண்டில், 32 வயதில், நோய் அவரைக் கொண்டுசென்றது.

அக்காலக் கணிப்பொறிகளுக்கு இக்கணக்கு பெருஞ்சுமை. பின்னர் அவற்றின் வேகம் பெருகவே, திரைப்படத்திலும் விளையாட்டிலும் இம்முறை பரவியது. அதைக் காண அவர் இல்லை. புய் என்பது குடும்பப் பெயர். உலகமோ நம் வழக்கம்போல் சொந்தப் பெயராலேயே 'ஃபோங் முறை' என்கிறது.

தோழியரே, பலனைக் காணும் பேறு கிட்டாவிடினும் பணியைத் திருந்தச் செய்வோம். அது பிறருக்கு ஒளியாகும்.